குளிசையை விட வேண்டாம் டீச்சர், எண்ணெயையும் விட வேண்டாம்

கேள்வி:

எனக்கு 46 வயது. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஒரு வருஷமாக ஒழுங்கான நித்திரை இல்லை. பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், அப்புறம் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கழுத்தும் தோளும் கல் மாதிரி இறுகியிருக்கின்றன. சில வேளை நெஞ்சு படபடக்கும். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று வருஷமாகப் பிரஷருக்கு லொசார்டன் 50 குடிக்கிறேன்.

என்னோடு வேலை செய்கிற டீச்சர் ஒருவர் நுவரெலியா பக்கம் ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனார். எண்ணெய் மசாஜ், சிரோதாரை, வாசனை எண்ணெய், ரெய்கி எல்லாம் சேர்த்து எட்டு முறைக்கு 48,000 ரூபா. மூன்றாவது முறையோடு பிரஷர் குளிசையை விட்டுவிடலாம் என்று அங்கே சொன்னார்கள். அடுத்த மாதம் சீட்டுக் காசு கைக்கு வரும். அதைக் கட்டலாமா? வீட்டுக்காரர் "எண்ணெய் தேய்க்க ஐம்பதாயிரமா" என்று சிரிக்கிறார். அம்மா (கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்) கண்ணூறு என்று தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். எனக்கு உடம்பை விட மனசுதான் களைத்துப் போயிருக்கிறது. சில நாள் ஏன்தான் விடியுதோ என்றிருக்கும். இந்த வைத்தியங்கள் எனக்கு உதவுமா?

பதில்:

டீச்சர், அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். லொசார்டனை நிறுத்தாதீர்கள். மூன்றாவது முறையோடும் வேண்டாம், எட்டாவது முறையோடும் வேண்டாம். பிரஷர் ஏறினால் ஏறியது நமக்குத் தெரியாது. தலை சுற்றினால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களில் சிலருக்கு முதல் அறிகுறியே பாரிசவாதமாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். குளிசை குடிக்கும் வரைக்கும்தான் அது வேலை செய்யும். விட்டால் சில நாளிலேயே பிரஷர் பழைய இடத்துக்கு ஏறத் தொடங்கும். உங்களுடையது லொசார்டன். இதுவே அட்டெனொலோல் என்ற வேறு பிரஷர் குளிசையாக இருந்து சட்டென்று விட்டிருந்தால் அந்த நெஞ்சுப் படபடப்பு இன்னும் கூடியிருக்கலாம்.

உடம்பு இளகினால் பிரஷர் இறங்கும் என்பது பொய்யில்லை. இறங்குவது சில புள்ளிகள், அவ்வளவுதான். அப்படி இறங்கி நிலைத்தால் குளிசையைக் குறைக்கலாம். ஆனால் அதைக் கிளினிக்கில் இரண்டு மூன்று வாரக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எண்ணெய் ஊற்றுகிறவர் சொல்லும் விஷயமில்லை அது. நான் ஒருவரின் குளிசையைக் குறைக்கும்போதுகூட, குறைத்த பிறகு இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி மறுபடி அளந்து பார்ப்பேன்.

துணை வைத்தியம், மாற்று வைத்தியம் என்று இரண்டு சொல் வைத்திருக்கிறோம். பேச்சில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறோம். குளிசையோடு சேர்த்து எண்ணெய் தேய்த்துக்கொண்டால் அது துணை. குளிசைக்குப் பதிலாகத் தேய்த்தால் மாற்று. உங்களை அழைத்துப் போன இடத்தில் முதலாவதைக் காட்டிக் காசு வாங்கி, மூன்றாவது முறையில் இரண்டாவதைச் சொருகுகிறார்கள். எனக்குக் கோபம் அதில்தான். எண்ணெய் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

எப்படி இருக்கும்? நான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவள். என் அம்மாயிக்குத் தலையில், நெற்றிக்கு இரண்டு விரல் மேலே, ஒரு பள்ளம் இருந்தது. கொழுந்துக் கூடைக் கயிறு கிடந்து கிடந்து அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை, தொட்டால் வழவழவென்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) பெண்கள் வரிசையாக உட்காருவார்கள், ஒருத்திக்கு முன்னால் ஒருத்தி. நல்லெண்ணெயில் இரண்டு பல் வெள்ளைப்பூண்டும் கொஞ்சம் ஓமமும் போட்டுச் சூடாக்கி ஒரு தகரப் பேணியில் வைத்திருப்பார்கள். பின்னால் இருப்பவள் முன்னால் இருப்பவளுக்குக் கழுத்தையும் தோளையும் பிடித்துவிடுவாள், அப்புறம் பேன் பார்ப்பாள். கணக்கப்பிள்ளையைத் திட்டுவார்கள், மருமகளைத் திட்டுவார்கள், சிரிப்பார்கள். அம்மாயி அப்படியே உட்கார்ந்தபடி குறட்டை விடுவார். அதற்கு யாரும் தெரபி என்று பெயர் வைக்கவில்லை. ரசீதும் கொடுக்கவில்லை.

அந்த இஸ்தோப்பில் நடந்ததை வைத்தியப் பாஷையில் சொல்வதென்றால் இப்படிச் சொல்லலாம். நமக்குள் இரண்டு வகை நரம்பு வேலை செய்கிறது. ஒன்று ஓடு ஓடு என்று விரட்டும், நெஞ்சைப் படபடக்க வைக்கும், தோளைக் காதுவரை தூக்கி வைக்கும். மற்றது போதும் உட்கார் என்று சொல்லும். மெதுவான, ஒரே சீரான தொடுகையும் நீளமான மூச்சும் இரண்டாவதை எழுப்பும். மசாஜ் பற்றிய ஆய்வுகளிலும் பதற்றம் குறைவதும் முதுகு, கழுத்து வலி கொஞ்ச நாளைக்கு இளகுவதும் தெரிகிறது. கொஞ்ச நாளைக்கு என்பதைக் கவனியுங்கள். எட்டு முறை போய் அப்புறம் நிறுத்தினால் ஒன்பதாவது வாரம் தோள் பழையபடி ஏறிவிடும். ஆகவே எனக்கு முக்கியம் அந்த இடம் நல்லதா என்பதல்ல. வாரா வாரம், வருஷம் முழுக்க, உங்கள் சம்பளத்துக்குள் எது நடக்கும் என்பதுதான்.

சரி, அவர்கள் சொன்ன நாலையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மசாஜைச் சொல்லிவிட்டேன். ஒரு எச்சரிக்கை மட்டும். கழுத்தின் முன்பக்கம், தொண்டைக்கு இரு பக்கமும் நாடி துடிக்கிற இடத்தை யாரும் அழுத்தக் கூடாது. சலூனில் செய்கிற மாதிரி கழுத்தைச் சட்டென்று திருப்பி "டக்" என்று முறிப்பதும் வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அதில் கிழிபடலாம். அரிதுதான், ஆனால் நடந்தால் மீளுவது கஷ்டம்.

சிரோதாரை என்பது இளஞ்சூடான எண்ணெயை நெற்றியில் நூலாக அரை மணி, முக்கால் மணி நேரம் விடுவது. படுத்தவர் பலர் அப்படியே தூங்கிப்போவார்கள். நித்திரையின்மைக்கு அதை வைத்துச் செய்த ஆய்வுகள் மிகச் சிறியவை. நல்லதாகத்தான் தெரிகிறது, அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. தீங்கு என்று பார்த்தால் அதோடு சேர்த்துக் கொடுக்கும் மூலிகை ஆவிக் குளியல்தான். பிரஷர் குளிசை குடித்தவர் அந்தச் சூட்டிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டி விழலாம். பிரஷர் கட்டுப்படாதவரும் இருதய வருத்தக்காரரும் அதற்குள் போகவே கூடாது.

வாசனை எண்ணெயை வைத்தியமாக்கி அதற்கு ஒரு பெயரும் வைத்தவர் கட்ஃபோஸே என்ற பிரான்ஸ் நாட்டு ரசாயனவியலாளர். வாசனைத் திரவியத் தொழிலில் இருந்தவர், 1937இல் புத்தகமாகவும் எழுதினார். லவெண்டர் வாசனை சிலருக்குப் பதற்றத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. உங்களுக்குப் பிடித்திருந்தால் தலையணையில் ஒரு துளி விடலாம். ஆனால் இந்த எண்ணெய்களைத் தண்ணீர் மாதிரி நினைக்கிறார்கள். என்னிடம் வந்த ஓர் அம்மா கறுவா எண்ணெயை அப்படியே கழுத்தில் பூசியிருந்தார். சட்டைக் காலர் போட்ட மாதிரி சுற்றிவரச் சிவந்து கொப்பளித்திருந்தது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்கு இரண்டு துளி, அதுதான் கணக்கு. குடிப்பது கூடவே கூடாது. யூக்கலிப்டஸ் எண்ணெயைப் (நாம் டர்பன்டைன் மரம் என்போமே, அதன் எண்ணெய்) பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளை ஒரு தேக்கரண்டி குடித்தாலே வலிப்பு வந்து மயங்கிப்போகலாம்.

ரெய்கி 1922இல் ஜப்பானில் உசுயி என்பவர் தொடங்கியது. கையிலிருந்து ஏதோ சக்தி பாய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் போய் வந்தவர்கள் "நல்லாயிருந்துச்சு டாக்டர்" என்கிறார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். சூடான அறை, மெல்லிய வெளிச்சம், ஒரு மணி நேரம் யாரும் "அம்மா, என் சொக்ஸ் எங்கே" என்று கேட்கவில்லை. நம்மூர்ப் பெண்ணுக்கு அது கிடைத்தால் நன்றாக இருக்காமல் எப்படி? அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். வீட்டில் அதை வாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

அம்மா ஓதி வாங்கிய தண்ணீர்? கொதித்தாறிய தண்ணீர் என்றால் குடியுங்கள். உங்களுக்காக ஏறி இறங்கி நடந்து வாங்கி வந்திருக்கிறார்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அங்கே கட்டாயம் கொடுப்பார்கள்: கஷாயம், சூரணம், குளிகை. பெயர் தெரியாததை வாயில் போடாதீர்கள். அதிமதுரம் இருமலுக்கு இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் குடித்தால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நாம் இறக்கப் பார்க்கிறதை அது ஏற்றிவிடும். செந்தூரம், பற்பம் வகைகளில் ஈயம், பாதரசம் கலந்திருக்கக்கூடும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. மூலிகை வைத்தியம்தான் வேண்டும் என்றால் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்த வைத்தியரிடம் போங்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி சித்த, யுனானி வைத்தியர்களும் அங்கேதான் பதிய வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்டால் நல்ல வைத்தியர் யாரும் கோபிக்க மாட்டார். அரச ஆயுர்வேத ஆஸ்பத்திரிகளில் காசும் இல்லை. என்ன மருந்து தந்தாலும் போத்தலோடு கொண்டுவந்து கிளினிக்கில் காட்டுங்கள். மறைக்காதீர்கள், நான் திட்ட மாட்டேன். மற்ற டாக்டர்களுக்கு உத்தரவாதம் தர முடியாது.

இனி மூன்று மணிக்கு முழித்துக் கிடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நம்பிக்கையுள்ள இரண்டு பயிற்சிகளும் சல்லிக் காசு செலவில்லாதவை.

முதலாவது மூச்சு. நாலு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். நிமிஷத்துக்கு ஆறு மூச்சுத்தான் வரும். நெஞ்சு தூக்கக் கூடாது, வயிறு உப்ப வேண்டும். வயிற்றில் கை வைத்துக்கொண்டால் தெரியும். விடுகிற மூச்சு நீளமாக இருந்தால், போதும் உட்கார் என்று சொல்லும் வகையைச் சேர்ந்த வேகஸ் நரம்பு நெஞ்சுத் துடிப்பை மெதுவாக்கும். ஐந்து நிமிஷம் போதும். முதல் மூன்று நாள் ஒன்றுமே தெரியாது, "இது என்ன விளையாட்டு" என்றிருக்கும். ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். எண்ணுவது பிடிக்கவில்லை என்றால், விடுகிற மூச்சோடு "முருகா" என்று மனசுக்குள் சொல்லுங்கள். ஹார்வர்ட் டாக்டர் ஹெர்பர்ட் பென்சன் தியானம் செய்கிறவர்களை அளந்து பார்த்து 1975இல் எழுதியதும் இதுதான்: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, இடையில் வரும் நினைப்பை விரட்டாமல் விட்டால், மூச்சும் துடிப்பும் இறங்குகின்றன. எந்தச் சொல் என்பது அவரவர் விருப்பம்.

இரண்டாவது தோளுக்கு. ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1929இல் புத்தகமாகப் போட்டது. இறுகியதை இளக்க முதலில் இன்னும் இறுக்கச் சொன்னார் மனிதர். இப்போதே செய்து பாருங்கள். இரண்டு தோளையும் காதைத் தொடுகிற மாதிரி தூக்குங்கள். குளிரில் கூதல் பிடித்து நிற்போமே, அப்படி. ஐந்து எண்ணும்வரை பிடித்து, பொத்தென்று விட்டுவிடுங்கள். இருபது எண்ணும்வரை அந்த இளக்கத்தைக் கவனியுங்கள். அப்புறம் கைமுட்டி, நெற்றி, தாடை, வயிறு, கால் என்று ஒவ்வொன்றாக. உங்களைப் போலச் சத்தம்போட்டுப் படிப்பிக்கிறவர்களுக்குத் தாடையில்தான் பாதி இறுக்கம் இருக்கும். பாடசாலை விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது தாடையை மட்டுமாவது செய்யலாம், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் மணி பார்க்க வேண்டாம். போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இருபது நிமிஷம் மாதிரி ஆகியும் நித்திரை வரவில்லை என்றால் எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு கதிரையில் உட்காருங்கள். கண் சொக்கினால் திரும்பப் படுங்கள். காலையில் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும்தான்.

அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை பிளேன்டி குடிக்கிறீர்கள்? ஸ்டாஃப் ரூமில் இரண்டு, வீட்டுக்கு வந்ததும் ஒன்று, விளக்கு வைக்கும் நேரம் ஒன்று, கொப்பி திருத்தும்போது ஒன்று. சரியா? தேநீரில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினொரு மணிக்கும் உங்கள் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நெஞ்சு படபடக்கிறவர்களுக்கு அது இன்னும் ஆகாது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்க்காரரிடம் தேத்தண்ணியைக் குறைக்கச் சொல்கிறேன், மன்னியுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு வேண்டாம். மல்லித் தண்ணி குடியுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் 46 வயதில் இந்த மூன்று அறிகுறியும் சேர்ந்து வந்தால் வேறு சிலதையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அது முன்னே பின்னே ஆகிறதா? அந்த மூன்று மணி முழிப்பில் உடம்பு வேர்த்து நனைகிறதா, இந்தக் குளிரிலும்? அப்படியானால் மாதவிடாய் நிற்கப்போகிற காலத்தின் வேலையாக இருக்கலாம், அதற்கு வழி இருக்கிறது. தைரொயிட் கூடினாலும் படபடக்கும், நித்திரை போகும். இரத்தம் குறைந்தாலும் படபடக்கும், நம் தோட்டப் பக்கம் பெண்களுக்கு அது சாதாரணம். டி.எஸ்.எச். (தைரொயிட் சோதனை), ஹீமோகுளோபின், இரத்தச் சீனி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் 35 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசமாக வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. இதுவரை போகவில்லை என்றால் ஒரு அரை நாள் லீவு போட்டுப் போய் வாருங்கள். வீட்டுக்காரரிடம், நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, இடையில் மூச்சு நிற்கிறதா என்றும் கேளுங்கள். சிரிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

கடிதத்தில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வரி இருக்கிறது. "சில நாள் ஏன்தான் விடியுதோ என்றிருக்கும்." போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறை வாசித்தது அந்த வரிக்காகத்தான். விடியற்காலை முழிப்பும், மனசுக் களைப்பும், விடிவதே பாரமாக இருப்பதும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒன்றாக நின்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு எண்ணெயும் வாசனையும் போதாது. நேராகவே கேட்கிறேன்: செத்துப்போனால் தேவலை என்று தோன்றியிருக்கிறதா? தோன்றினால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மாவோ, அந்த டீச்சரோ, யாராக இருந்தாலும் சரி. தேசிய மனநல நிலையத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு மூன்று மணிக்கும் எடுக்கலாம். அப்படி ஒன்றும் தோன்றவில்லை என்றாலும் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு ஒரு தடவை போங்கள். மனநலம் என்றதும் பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். யாரும் அனுப்ப மாட்டார்கள். பேசுவார்கள், தேவைப்பட்டால் குளிசை தருவார்கள், மாதம் ஒரு முறை வரச்சொல்வார்கள். என் கிளினிக்கிலிருந்து அப்படிப் போனவர்களில் இரண்டு பேர் டீச்சர்மார்.

சீட்டுக் காசு. எட்டு முறைக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். ஆசையாக இருந்தால் ஒரு முறைக்கு மட்டும், 6,000 ரூபாய்க்கு, போய் வாருங்கள். பிரஷர் இருப்பதைச் சொல்லுங்கள், ஆவிக் குளியல் வேண்டாம் என்று சொல்லுங்கள். மொத்தப் பணம் கட்டினால்தான் படுக்க விடுவோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். மிச்சக் காசில் ஒரு நல்ல பிரஷர் மெஷின் வாங்குங்கள், கையில் கட்டுகிற வகை, மணிக்கட்டு வகை வேண்டாம். காலையில் குளிசைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து எடுத்து ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

"எண்ணெய் தேய்க்க ஐம்பதாயிரமா" என்ற வீட்டுக்காரர் கையில் எண்ணெய்ப் பேணியைக் கொடுங்கள். புதன்கிழமையும் சனிக்கிழமையும், பத்து நிமிஷம். காதுக்குக் கீழிருந்து தோள் நுனிவரை, பெருவிரலால் மெதுவாக, ஒரே திசையாக. வலிக்கிறது என்றால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. ஞாயிறு வெயில் ஏறிய பிறகு அம்மாவைத் தலையில் எண்ணெய் வைத்துவிடச் சொல்லுங்கள், சுடுதண்ணீரில் முழுகி, தலையை நன்றாகத் துவட்டிவிடுங்கள்.

அப்புறம் நீங்கள் அம்மாவுக்கு வைத்துவிடுங்கள். கூடைக் கயிறு இழுத்த கழுத்து, எலும்பு தேய்ந்திருக்கும். அதனால் அவருக்குக் கழுத்தில் அழுத்த வேண்டாம், எண்ணெயைத் தடவிவிட்டுத் தோளில் மட்டும் பிடித்துவிடுங்கள்.